பத்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடும் டிராக்டர்

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பழைய பெட்ரோல் டிராக்டர் வைத்திருப்பவர்களிடமிருந்து நவம்பர் மாதம் பிறந்ததும் ஒரே புகார் வரத் தொடங்கும். காலையில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறது. மாடுகளுக்கு வைக்கோல் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் எஞ்சின் மெல்லத் தளர்கிறது, திணறுகிறது, சில சமயம் கரும்புகை விடுகிறது, கடைசியில் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் சுற்றுகிறதே தவிர, பிடிப்பதில்லை. அலுத்துப்போய் வீட்டுக்குள் சென்று ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது.

இந்தக் கோளாறில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் பணம் செலவழிப்பது உதிரிபாகங்களுக்குத்தான். பிளக்கில் தீப்பொறி வரச் செய்யும் காயிலை மாற்றுவார்கள், கண்டென்சரை மாற்றுவார்கள், பிளக், டேங்க் மூடி என்று வரிசையாகப் போகும். எதை மாற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும், அதுதான் சங்கடமே. காயிலைக் கழற்றி வேறு காயில் மாட்ட எப்படியும் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் கோளாறுக்கான காரணம் தானாக உருகித் தண்ணீராக ஓடியிருக்கும். நல்ல பெயர் காயிலுக்குப் போய்விடும். மறுநாள் காலை வண்டி அதே இடத்தில் நிற்கும்.

காரணம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் படிந்த பனிக்கட்டி. எரிபொருளை எரித்துச் சூட்டை உண்டாக்குவதையே தொழிலாகக் கொண்ட எஞ்சினுக்குள், ஓடிக்கொண்டிருக்கும்போதே பனி எப்படி உறைகிறது? வெளியே உறைநிலைக்கு மேல் 5, 6 டிகிரி இருக்கும் நாளிலும் இது நடக்கிறது. முதல் தடவை கேட்பவர்கள் நம்ப மறுப்பது நியாயம்தான்.

ஹோட்டல்களின் பின்பக்கச் சந்தில் நிற்கும் கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே பெரிய அடுப்பு முழு வேகத்தில் எரியும் நேரத்தில் சிலிண்டரின் கீழ்ப்பாதி வியர்த்திருக்கும். வாயுவை வேகமாக இழுக்க இழுக்க, வெள்ளையாக உறைபனியே பூத்துவிடும். வெயில் கொளுத்தும் ஊரில்கூட இதைப் பார்க்கலாம். திரவம் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. வேறு சூடு கிடைக்காதபோது தன்னைச் சுற்றியிருக்கும் இரும்பிலிருந்தும் காற்றிலிருந்தும் அதை உறிஞ்சிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இதை உள்ளுறை வெப்பம் என்று படித்தோம். ஊசி போடுமுன் கையில் ஸ்பிரிட் தடவும்போது வரும் சில்லிப்பும் இதே விஷயம்.

கார்புரேட்டரில் பெட்ரோல் இதையே செய்கிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறக்குறைய 350 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஒரு கிலோ பெட்ரோலோடு கலப்பது சுமார் 15 கிலோ காற்று. ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி குளிர வைக்க ஒரு கிலோஜூல் எடுத்தால் போதும். அப்படியானால் பெட்ரோல் முழுவதும் கார்புரேட்டரின் தொண்டையிலேயே ஆவியாகி, வெப்பம் முழுவதையும் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டால், காற்று 23, 24 டிகிரி குளிர்ந்துவிடும். நடைமுறையில் ஒரு பகுதிதான் அங்கே ஆவியாகும், மீதி மேலே சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகும். ஆனாலும் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவது சாதாரணம். இதோடு, குறுகலான வழியில் காற்று வேகமெடுத்து அழுத்தம் குறையும்போது இன்னும் சில டிகிரி இறங்கும். வெளியே 5 டிகிரி இருந்த காற்று, பெட்ரோல் தெறிக்கும் முனையைத் தாண்டியதும் உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது.

குளிர் மட்டும் இருந்தால் போதாது, தண்ணீரும் வேண்டும். அதைக் காற்றே சுமந்து வருகிறது. ஈரப்பதம் நிறைந்த 5 டிகிரிக் காற்றில் கன மீட்டருக்கு ஆறு கிராமுக்குக் குறையாமல் நீராவி இருக்கும். ஃபோர்டு 8என் டிராக்டரில் இருப்பது மாதிரி இரண்டு லிட்டர் எஞ்சின் லேசான வேலையில் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் அரை கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் கார்புரேட்டர் வழியே போகும் தண்ணீர் 30 கிராம், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த காற்றால் அதில் ஏறக்குறைய பாதியைத்தான் ஆவியாக வைத்துக்கொள்ள முடியும். மீதி வெளியே வந்தாக வேண்டும். அதில் சிறு பங்கு உலோகத்தில் ஒட்டினாலே போதும். கலவை போகும் அளவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகடு, லேசான வேலையில் ஒரு கீற்று அளவுக்குத்தான் திறந்திருக்கும். அந்தக் கீற்றின் விளிம்பில்தான் பனி முதலில் பிடிக்கும்.

கடுங்குளிர் நாளில் இந்தத் தொல்லை வராததற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில் கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் நீராவிதான் இருக்க முடியும். உறைவதற்கு ஒன்றுமே இல்லாத வறண்ட காற்று அது. அதனால்தான் ஜனவரியில் பனி வழிக்கும் வேலையை மணிக்கணக்காகச் செய்யும் டிராக்டர், நவம்பர் மாத மூடுபனியில் பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது. பனி உறைந்த ஜனவரியில் ஓடிய வண்டி இப்போது உறையுமா என்று கேட்டு, கார்புரேட்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுபவர்கள் பலர். உறைநிலைக்குக் கொஞ்சம் மேலே, மழைத்தூறலோ மூடுபனியோ உள்ள காலைதான் மோசமானது. பெரிய ஏரிகளிலிருந்து ஈரக்காற்று வீசும் மிச்சிகன், ஒன்டாரியோ பகுதிகளில் இலையுதிர் காலக் கடைசியில் இப்படிப்பட்ட நாட்களுக்குப் பஞ்சமே இல்லை.

இந்த வண்டிகளின் உடல்வாகும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1939இல் வந்த ஃபோர்டு 9என், 1947 முதல் 1952 வரை மிச்சிகனின் ஹைலேண்ட் பார்க்கில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான 8என், அதே காலத்து ஃபார்மால் எச், ஃபார்மால் எம் எல்லாவற்றிலும் கார்புரேட்டர் எஞ்சினின் பக்கவாட்டில், கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குக் கீழே தொங்கும். காற்று கீழிருந்து மேலே ஏறும். இப்படி வைத்ததில் வசதிகள் இருந்தன. மேலே இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவிடும், பம்பு தேவையில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட் கசிந்தாலும் பெட்ரோல் தரையில்தான் சொட்டும், சிலிண்டருக்குள் போகாது. ஆனால் சூடு மேலே ஏறும் இயல்புடையது. எஞ்சினின் வெப்பமெல்லாம் மேலே போக, கார்புரேட்டர் கீழே விசிறிக் காற்றில் நின்றுகொண்டிருக்கும். எஞ்சின் இன்னும் சூடேறாத முதல் கால் மணி நேரத்தில் விசிறி தள்ளுவதும் குளிர்காற்றுதான்.

எரிபொருளின் வரலாறும் இதில் சேர்கிறது. அந்தக் காலத்தில் பல டிராக்டர்கள் மண்ணெண்ணெய்க்காகவோ, அதைவிட மலிவான டிஸ்டிலேட் எண்ணெய்க்காகவோ தயாரிக்கப்பட்டன. பிரிட்டனில் டிவிஓ என்று டிராக்டருக்கென்றே ஓர் எண்ணெய் விற்றது. இவை லேசில் ஆவியாகாது. எனவே புகை போகும் குழாயும் கலவை போகும் குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே வார்க்கப்பட்டன. சைலன்சருக்குப் போகும் சூட்டைக் கொண்டே எண்ணெயைச் சுடவைத்தார்கள். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் கொதித்தபின் எண்ணெய்க்கு மாற வேண்டும். இந்த வித்தையை யாழ்ப்பாணத்தில் 1990களைக் கடந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் துளிப் பெட்ரோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை அது. நம் ஊரில் மண்ணெண்ணெய் பம்புசெட் இறைத்தவர்களுக்கும் இது பழக்கமான வேலை.

அப்படிச் சூடான மேனிஃபோல்டு உள்ள வண்டியில் பனி பிடிப்பது அபூர்வம். பெட்ரோலுக்கென்றே அமைந்த வண்டியில் கதை மாறுகிறது. பெட்ரோல் தானே ஆவியாகும், அதைச் சுடவைத்தால் கலவை விரிந்து சிலிண்டருக்குள் போகும் அளவு குறையும், சக்தி குறையும். ஆகவே பொறியாளர்கள் சூட்டைக் குறைத்தார்கள். கோடையில் கலப்பை இழுக்கும்போது அது சரியான முடிவுதான். அந்த வண்டிகள் பிறந்தது முழு லோடில் நாள் முழுக்க உழுவதற்கு. த்ராட்டில் அகலத் திறந்திருக்கும், புகைக்குழாய் பழுக்கச் சூடாகும், பனிக்கு இடமே இருக்காது.

இன்றைக்கு 75, 80 வயதான அந்த டிராக்டர்களுக்கு யாரும் உழவு வேலை தருவதில்லை. வைக்கோல் இழுப்பது, சாணம் வாருவது, வாசல் பாதையில் பனி தள்ளுவது என்று சில்லறை வேலைகள்தான், அதுவும் குளிர்காலத்தில். எஞ்சின் பாதிச் சூடுகூட ஏறுவதில்லை. த்ராட்டில் கீற்றாகவே இருக்கிறது. போதாததற்கு, கோடையில் கொதிக்கிறது என்று எஞ்சின் சூடேறும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. குளிர்காலத்துக்கென்று விற்பது சீக்கிரம் ஆவியாகும்படி கலக்கப்பட்டது. இன்றைய கார்களில் எரிபொருள் சூடான சிலிண்டர் வாசலிலோ சிலிண்டருக்குள்ளேயோ பீய்ச்சப்படுவதால் அவற்றுக்கு அது நல்லதுதான். கார்புரேட்டருக்கோ, தொண்டையிலேயே அதிகம் ஆவியாகி அதிகம் குளிரும். அதில் பத்து சதவீதம் எத்தனால் வேறு. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் வேண்டும். எங்கள் தாத்தா காலத்தில் இப்படி நின்றதில்லையே என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் நான் அதை மறுக்க மாட்டேன். தாத்தா ஓட்டிய வேலை வேறு, ஊற்றிய பெட்ரோல் வேறு.

முதல் அறிகுறி கண்ணில் படாமல் போவதற்குக் கவர்னர் ஒரு காரணம். டிராக்டரில் ஓட்டுநர் கைப்பிடியால் வைப்பது வேகத்தை மட்டும்தான். அந்த வேகம் குறையாமல் த்ராட்டிலைத் திறந்து மூடுவது கவர்னரின் வேலை. பனி வழியை அடைக்க அடைக்க, கவர்னர் த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் திறந்து ஈடுகட்டிவிடும். சத்தத்தில் வித்தியாசமே தெரியாது. இனித் திறக்க இடமில்லை என்ற கட்டம் வந்தபிறகுதான் வேகம் விழும், அதற்குள் பனி நன்றாக இறுகியிருக்கும். ஓடும்போது கவர்னர் கம்பியைக் கவனிக்கும் பழக்கம் உள்ளவர் ஐந்து நிமிடம் முன்னாலேயே சொல்லிவிடுவார்.

சிறு விமானம் ஓட்டுபவர்களுக்கு இந்த விஷயம் மனப்பாடம். நடுவானில் பத்து நிமிடம் நிறுத்திவிட்டுக் காபி குடிக்க முடியாதே. டிராக்டர்களுக்கு கார்புரேட்டர் செய்த மார்வெல் ஷெப்ளர்தான் செஸ்னா 150 போன்ற பயிற்சி விமானங்களின் கார்புரேட்டரையும் செய்தது. அந்த செஸ்னாவில் விமானி இழுப்பதற்கென்று ஒரு குமிழ் இருக்கும். அதை இழுத்தால், புகைக்குழாயைச் சுற்றிய தகரக் கூட்டிலிருந்து சூடான காற்று கார்புரேட்டருக்குப் போகும். 21 டிகிரிக்குக் கீழே, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பனியை எதிர்பாருங்கள் என்றும், 38 டிகிரி வெயிலிலும் இது நடக்கலாம் என்றும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. எஞ்சின் அமைப்பு எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கும் விமானமே சாட்சி. லைக்கமிங் நிறுவனத்தின் விமான எஞ்சின்களில் கார்புரேட்டர் சூடான ஆயில் தொட்டியின் அடியிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் பனி குறைவு. செஸ்னா 150இல் உள்ள கான்டினென்டல் எஞ்சினில் அது தள்ளி இருப்பதால் தொல்லை அதிகம்.

தமிழ்நாட்டு டிராக்டர் ஓட்டுநர்கள் இதைக் கேள்விப்படாததற்கு வெயில் மட்டும் காரணமில்லை, நம் டிராக்டர்கள் டீசலில் ஓடுவதும் காரணம். ஃபோர்டு 9என்னில் இருந்த ஹைட்ராலிக் தூக்கியும் மூன்று முனை இணைப்பும் பொறியாளர் ஹாரி ஃபெர்குசனுடையவை. ஹென்றி ஃபோர்டோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் பின்னால் முறிந்தது. ஃபெர்குசன் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் தயாரித்த டிஇ20 டிராக்டர் பெட்ரோலில் தொடங்கி, டிவிஓவுக்குப் போய், 1951இல் டீசலுக்கும் வந்தது. அந்த நிறுவனம் மாசி ஃபெர்குசன் ஆகி, அதன் கூட்டில் 1960இல் சென்னையில் டஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியபோது டிராக்டர் என்றாலே டீசல் என்றாகிவிட்டது. டீசல் எஞ்சினில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. கார்புரேட்டரும் இல்லை, அதற்குள் உறையப் பனியும் இல்லை.

சரி, நின்றுபோன வண்டியில் பனிதானா என்று எப்படி உறுதி செய்வது? நின்றவுடனே பார்க்க வேண்டும், பெட்டியைத் திறந்து ஸ்பேனர் தேடக் கூடாது. கார்புரேட்டரின் மேல் பாதியும், அது மேனிஃபோல்டோடு சேரும் கழுத்தும் ஐஸ்பெட்டி போலச் சில்லென்று, வெள்ளை பூத்து இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வெளியே பூப்பது மட்டும் சாட்சியாகாது. வெளியே வெள்ளை படர்ந்தும் நன்றாக ஓடும் வண்டிகள் உண்டு. ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் பனி பெரும்பாலும் அதற்கு மேலே த்ராட்டில் தகட்டில் இருக்கும். என்னைக் கேட்டால் நேரத்தை நம்புவேன். எதையும் தொடாமல் பத்து நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சினின் சூடு கீழே இறங்கிப் பனியை உருக்கியிருக்கும். பிடித்துக்கொண்டு மறுபடி அதே பத்துப் பதினைந்து நிமிடத்தில் தளர்ந்தால், வறண்ட குளிர் நாளில் அப்படி நடக்கவில்லை என்றால், பதில் கிடைத்துவிட்டது.

குழப்பக்கூடிய கோளாறுகள் இரண்டு மூன்று உண்டு. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருந்தாலும் வண்டி சிறிது நேரம் ஓடி நிற்கும், காத்திருந்தால் ஓடும். ஆனால் அது எல்லாப் பருவத்திலும் நடக்கும், மூடியைத் தளர்த்தியதும் சரியாகும். பெட்ரோல் வரத்து குறைந்த வண்டி, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்தால் கொஞ்சம் உயிர் பெறும். பனி அடைத்த வண்டி இன்னும் மோசமாகும். வரத்தைச் சோதிக்க, 8என் போன்றவற்றில் கார்புரேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பிடிக்கலாம், இரண்டு நிமிடத்துக்குள் ஏறக்குறைய அரை லிட்டர் இறங்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. சூடானதும் செத்துப்போகும் காயில் தளராது, ஸ்விட்சை அணைத்த மாதிரி சட்டென்று அறுந்துவிடும். மெல்ல மெல்லத் தளர்வது பனியின் குணம்.

தீர்வு எல்லாமே சூட்டைத் தேடிப் போவதுதான். முதலில் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள். ரேடியேட்டரின் முன்னால் ஓர் அட்டையை வைத்துப் பாதியை மறைப்பது அந்த நாட்டில் எல்லாரும் செய்வது. பழைய ஜான் டியர்களில் ரேடியேட்டருக்கு நிறுவனமே திரையோ கதவோ வைத்துக் கொடுத்தது. எஞ்சினின் இரு பக்கமும் கட்டும் ஹீட் ஹவுசர் என்ற கேன்வாஸ் துணி, ஓட்டுநரின் கால்களுக்குச் சூடு தருவதற்காக வந்தது. அது வெளியிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுத்து, கார்புரேட்டரைச் சுற்றியும் சூட்டை நிறுத்துவதால், துணியைக் கட்டிய நாளிலிருந்து வண்டி நின்றதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. காரணம் தெரியாமலே கிடைத்த மருந்து அது.

வேலைக்குப் போகுமுன் சில நிமிடம் ஐடிலில் விட்டால் போதும் என்று நினைப்பது தவறு. ஐடிலில் த்ராட்டில் கீற்று மிகச் சிறியது, எஞ்சின் சூடும் மிகக் குறைவு. பனிக்கு அதைவிட நல்ல நிலை கிடையாது. மிதமான வேகத்தில் வைத்து ரேடியேட்டர் சூடாகும் வரை விடுவது மேல். பெட்ரோலில் சிறிதளவு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் சேர்ப்பது 1950களில் எண்ணெய் நிறுவனங்களே செய்த வழி. அது நீரோடு கலந்து பனி உலோகத்தில் இறுகாமல் பார்த்துக்கொள்ளும். தற்காலிக உதவிக்குச் சரி. ஊதுவிளக்கை நீட்டிப் பனியை உருக்குவதை மட்டும் யாரும் நினைத்தும் பார்க்க வேண்டாம். கார்புரேட்டர் என்பது பெட்ரோல் நிரம்பிய கிண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு விமானத்திலிருந்து கடன் வாங்கியது. புகைக்குழாயைச் சுற்றி மெல்லிய தகரத்தில் ஒரு கூடு, அதிலிருந்து சூடு தாங்கும் குழாய் ஒன்று ஏர் கிளீனரின் வாய்க்கு. காற்று கிளீனர் வழியாகவே போக வேண்டும், அதைத் தாண்டி நேரே கார்புரேட்டருக்கு விட்டால் தூசி சிலிண்டரைத் தின்றுவிடும். குழாயின் வாயைச் சுற்றிக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால் வெளிக்காற்றும் சேர்ந்து, சூடு அளவோடு இருக்கும். வேண்டியது இருபது முப்பது டிகிரி ஏற்றம் மட்டுமே. இது வண்டியில் ஒரு துளைகூடப் போடாமல் செய்யக்கூடிய வேலை, வசந்தத்தில் இரண்டு கிளாம்பைத் தளர்த்தினால் கழன்றுவிடும். கழற்றத்தான் வேண்டும். ஜூன் மாதத்தில் அதே சூடான காற்று சக்தியைக் குறைக்கும், பெட்ரோலைக் குழாயிலேயே கொதிக்க வைத்து வேறு விதமாக வண்டியை நிறுத்தும். தகரத்தையும் குழாயையும் கொட்டகைச் சுவரில், டிராக்டருக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டிவிட்டால் அடுத்த நவம்பரில் தேட வேண்டியதில்லை.